சூளையம்மா விட்ட தண்ணீர்

சூளையம்மா என்ற பெயரை நான் முதலில் கேட்டபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. எங்கள் அப்பா வீட்டுப் பின்சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அதை எடுத்துக் கட்ட ஒரு கொத்தனார் வந்திருந்தார். வண்டியில் செங்கல் வந்து இறங்கினால் அந்த மனுஷன் உடனே வேலையைத் தொடங்க மாட்டார். இரண்டிரண்டு கல்லாக எடுத்து ஒன்றோடொன்று தட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தம் கேட்பார். மணி மாதிரி ஒலித்தால் எடுப்பார். மொத்தென்று விழுந்தால் ஓரமாக எறிவார். ஒரு நாள் வந்த வண்டியில் மட்டும் ஒரு கல்லைக்கூடத் தட்டவில்லை, நேராகக் கலவையைக் குழைக்க உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று அம்மா கேட்டாள்.

"இது சூளையம்மா கல்லு. தட்டிப் பாத்தேன்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா, அடுத்த தடவை எனக்குக் கல்லே தராது" என்றார்.

யாரோ பெரிய மீசை வைத்த பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எனக்குக் கல்யாணமாகி வந்து பார்த்தால், அந்தச் சூளையம்மா என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகள். பெரியப்பாவுக்கு மூன்று பெண்கள். மூத்தது சிறுவயதிலேயே காய்ச்சலில் போய்விட்டது. கடைசிப் பெண் புருஷனோடு கடல் தாண்டிப் போனவள், வருஷத்துக்கு ஒரு தடவை குரலை மட்டும் அனுப்புவாள். நடுப்பெண்தான் இவர். சூளை வைத்திருந்த வீட்டில் மூத்த மகனுக்கு வாழ்க்கைப்பட்டார். எனக்கு நாத்தனார் முறை, அதனால் அண்ணி என்பேன். ஒல்லியாக, குச்சி மாதிரி இருப்பார். மீசை கிடையாது. ஆனால் குரலுக்கு மீசை உண்டு.

சூளை என்றால் அது அவருடைய சூளைதான். புருஷனை நாங்கள் பெரியவர் என்போம். நல்ல மனுஷர், வேடிக்கையாகப் பேசுவார், கணக்கு வழக்கோடு நிறுத்திக்கொள்வார். மண்ணைப் பார்த்து எடுப்பதும், மிதித்துக் குழைக்க வைப்பதும், அச்சில் அறுத்து வரிசையாகக் காயவைப்பதும், காய்ந்ததை அடுக்கி நெருப்பு வைப்பதும் எல்லாம் சூளையம்மா மேற்பார்வை. புகை என்ன நிறத்தில் போகிறது என்று வாசலில் நின்று பார்த்தே, உள்ளே எந்த மூலையில் கல் வேகவில்லை என்று சொல்லிவிடுவார்.

அவர் இந்த உலகத்தில் பயப்பட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். தண்ணீர். வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் ஒரு மத்தியானம், எச்சரிக்கை எதுவும் இல்லாமல் மழை பிடித்துக்கொண்டது. களம் முழுக்கப் பச்சைக் கல், இன்னும் சுடாத கல், வரிசை வரிசையாக நிற்கிறது. இவர் கையில் கிடைத்த பாய், தார்ப்பாய், படுக்கை விரிப்பு என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒன்றும் நடக்கவில்லை. நின்ற கல்லெல்லாம் அவர் கண் முன்னால் தோள் சரிந்து, இடுப்பு சரிந்து, கடைசியில் கணுக்கால் அளவு சேறாகப் படுத்துவிட்டது. அன்றிலிருந்து மேகம் கறுத்தால் இவர் முகமும் கறுக்கும். காயப்போட்ட கல்லுக்கு நடுவில் யாராவது தண்ணீர்க் குடத்தோடு குறுக்கே நடந்தால்கூடப் போச்சு, அவர்களுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துவிடுவார்.

அது இருக்கட்டும். இப்போது சின்னவளுக்கு வருகிறேன். ஏனென்றால் சூளையம்மாவின் கதையில் பாதி அவளுடையது. இதை எழுதுகிறேன் என்று தெரிந்தால், எனக்கு ஏன் முழுக்கதை இல்லை என்று சூளையம்மா கேட்பார்.

பெரியவருடைய தம்பி எங்கள் ஊர் மின்நிலையத்தில் நிலக்கரி இறக்கும் பகுதியில் வேலை பார்த்தார். சின்னவர். அவர் கட்டிக்கொண்டு வந்தவள்தான் சின்னவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் முதலில் சிரிப்பவள். ஓரகத்திகள் இருவருக்கும் ஆரம்பத்தில் பேச்சுவார்த்தை நன்றாகத்தான் இருந்தது. மாமியார்தான், தெரிந்தோ தெரியாமலோ, அதில் கல்லைப் போட்டார். மாமியாருக்குக் கால் வலி. மூத்த மருமகள் தைலம் தேய்க்க உட்கார்ந்தால், "உன் கை சொரசொரங்குது. சின்னவள வரச்சொல்லு" என்பார். அந்தக் கை ஏன் சொரசொரக்கிறது? அந்த வீட்டுச் செங்கல்லைத் தூக்கித் தூக்கித்தான். சூளையம்மா எழுந்து போவார். போகிற வழியில் முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வார். அந்த இடியை நாங்கள் இரண்டு வீடு தள்ளி இருந்தும் பார்த்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு சின்னவள் எதைச் செய்தாலும் இவருக்கு வயிறு பற்றிக்கொள்ளும். அவள் ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டால் இவர் வீட்டு ஜன்னல் அன்றைக்கே பழசாகிவிடும். அவளுக்குத் தும்மல் வந்து எல்லோரும் விசாரித்தால், மறுநாள் இவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். பெரியவர் ஒரு நாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, சூளைக்கு விறகே வாங்க வேண்டாம், இவளை உள்ளே உட்காரவைத்துச் சின்னவள் பேரைச் சொன்னால் போதும் என்றார். சிரித்தோம். சூளையம்மா வாசல்படியில் நின்று கேட்டுவிட்டார். அந்த வாரம் பெரியவர் சாப்பிட்டதெல்லாம் எங்கள் வீட்டில்தான்.

சூளையம்மாவுக்கு ஒரே மகன். அவன் நடக்கப் பழகியதும் முதலில் நடந்து போனது சித்தி வீட்டுக்கு. சின்னவளுக்கு ஒரு மகள், அமைதியான பெண். இவன் போனால் சித்தி சிரிப்பாள், விளையாடுவாள். அம்மாவோ எப்போதும் களத்தில். சாயங்காலம் அவனைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம் சூளையம்மா உள்ளே போக மாட்டார், வாசலிலேயே நின்று குரல் கொடுப்பார். அவன் வர மனசில்லாமல் வருவான். மற்றதெல்லாம் சும்மா எரிச்சல். உண்மையில் எரிந்தது இதுதான்.

அந்த மின்நிலையம் எரித்துத் தள்ளிய நிலக்கரிச் சாம்பல் எங்களுக்குப் பெரிய தொல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். காற்று திரும்பினால் கொடியில் காயும் வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகிவிடும், குழந்தைகள் இருமும். அள்ளிக்கொண்டு போங்கள், இலவசம் என்று மின்நிலையத்துக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். யாருக்கு வேண்டும்? பிறகு அவர்களே ஒரு கூடத்தில் வகுப்பு வைத்து, அந்தச் சாம்பலில் சுண்ணாம்பும், கல் உடைக்கும் ஆலையில் கழித்துப் போடுகிற தூளும் சேர்த்துக் கட்டடக் கல் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். போனவர்கள் பெரும்பாலும் பொழுதுபோகாமல் போனவர்கள். சின்னவள் மட்டும் கற்றுக்கொண்டு வந்து, சூளைக்களத்துக்கு அடுத்த காலி மனையில் தகரக் கொட்டகை போட்டு, பட்டறை ஆரம்பித்துவிட்டாள். மண் தோண்ட வேண்டாம், விறகு எரிக்க வேண்டாம். ஒரு மெஷின் கலவையை அழுத்தித் தள்ளும், சாம்பல் நிறத்தில் கல் வந்து விழும்.

சூளையம்மா அந்தக் கல்லை ஒரே ஒரு தடவை கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். மொத்தென்றது. "ஊமைக் கல்லு" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கப்புறம் பட்டறைப் பக்கம் திரும்பியதில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். பட்டறைக்கும் களத்துக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பினார், தன் சூளைக் கல்லிலேயே. சுவருக்கு மேலே தெரிவது கல் அடுக்கின் உச்சியும், அதன்மேல் போர்த்திய சாக்கும் மட்டும்தான். நிறம் மங்காமல் இருக்க மூடிவைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சாக்கு ஏன் எப்போதும் நனைந்திருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மின்நிலையத்துப் புகைபோக்கியின் நிழல் எங்கள் தெருவில் விழும். ஆனாலும் மின்சாரம் மட்டும் எங்களைத் தாண்டித்தான் போகும். அடிக்கடி நின்றுபோகும். மெஷின் நின்றால் கலவை இறுகிப்போகும். அந்தச் சமயத்தில் சூளையம்மாவின் மகன் சோலார் தகடு பொருத்தும் வேலை கற்று முடித்திருந்தான். அவன் கையால் பொருத்திய முதல் தகடுகள் சித்தியின் கொட்டகைக் கூரையில் ஏறின. மெஷினும் வெயிலில் ஓடியது, கிணற்று மோட்டாரும் வெயிலில் ஓடியது. பணம் மிச்சம் பிடிக்க மோட்டாருக்கு பேட்டரி வைக்கவில்லை. வெயில் ஏறினால் தண்ணீர், இறங்கினால் நின்றுவிடும்.

பெற்ற தாய் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். முதல் வேலையை நம்ம சூளையில் செய்திருக்கக் கூடாதா என்று கேட்டார்.

"நம்ம சூளைல கரண்டுல என்னம்மா ஓடுது? நீங்கதான் ஓடுறீங்க" என்றான்.

வேடிக்கையாகத்தான் சொன்னான். அப்பாவுடைய வாய். அவர் சிரிக்கவில்லை.

கொத்தனார்கள் ஒவ்வொருவராகச் சுவருக்கு அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். எல்லாக் கல்லும் ஒரே அளவு, பூச்சு குறைவாகப் பிடிக்கிறது என்றார்கள். சூளையம்மா அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். சூளைக்கும் வேலை இருந்தது, பாதகமில்லை. தாங்க முடியாதது பிறகு வந்தது.

மகன் சொந்தமாக வீடு கட்டப்போகிறேன் என்றான். தெருக்கோடியில் மனை. அவன் சொன்ன மறுநாளே சூளையம்மா, யாரும் கேட்காமல், தன் சூளையின் நடுப்பகுதியில் வெந்த கல்லாகப் பொறுக்கி எடுத்து அந்த மனையில் அடுக்க ஆரம்பித்தார். மகன் வந்து பக்கத்தில் நின்றான். சுவரெல்லாம் சித்தியின் கல்லில் என்று தீர்மானித்துவிட்டதாகச் சொன்னான். சும்மா கிடந்து எல்லோர் நெஞ்சிலும் படிகிற சாம்பல் சுவராகப் போகட்டுமே என்றான்.

"அப்ப நான் இத்தனை வருஷம் எரிச்சது?" என்று கேட்டார்.

அவன் பேச்சைத் திருப்பினான். கொத்தனாரிடம் நாள் சொல்லியாகிவிட்டது என்று மட்டும் சொன்னான். அந்த நாளில் கல் தயாராக இல்லாவிட்டால் கொத்தனார் வேறொரு பெரிய கட்டடத்துக்குப் போய்விடுவார், பிறகு பிடிக்க முடியாது. அவ்வளவையும் கேட்ட சூளையம்மா மனசில் அந்த வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. கல் தயாராக இல்லாவிட்டால். அப்படியானால் மனையில் தயாராக நிற்பது தன் கல்தான். மகன் தன் கல்லுக்குள் குடியிருப்பான்.

அந்த வீட்டுக்கான கல்லை அழுத்தி எடுத்து பட்டறை முற்றத்தில் அடுக்கிய மறுநாள், சின்னவளின் மகளுக்கு முன்கூட்டியே வலி கண்டுவிட்டது என்று வெளியூரிலிருந்து செய்தி வந்தது. தலைப்பிரசவம். சின்னவளும் சின்னவரும் மாற்றுத்துணியைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினார்கள். பட்டறையாட்களை விடுப்பில் அனுப்பியாயிற்று. கல்லைப் பார்த்துக்கொள்வது எப்போதும் சின்னவர் வேலை. அவரும் போகிறார். போகிற அவசரத்தில் சின்னவள் சூளையம்மா கையில் பட்டறைச் சாவியைத் திணித்தாள்.

"அக்கா, இதைப் புள்ளகிட்ட குடுத்துருங்க. என்ன செய்யணும்னு அவனுக்குத் தெரியும். மறந்துடாதீங்கக்கா, எல்லாம் அவன் வீட்டுக் கல்லு."

மகன் அப்போது பக்கத்து ஊரிலேயே தங்கி ஒரு ஆஸ்பத்திரிக் கூரையில் தகடு பொருத்திக்கொண்டிருந்தான். சூளையம்மா சாவியைக் கொடுத்தனுப்பவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டார்.

இனி நான் சொல்வது அவரே பிற்பாடு என்னிடம் சொன்னது. மத்தியானம் தெரு அடங்கியதும் பட்டறையைத் திறந்து போனார். சாக்கையெல்லாம் இழுத்துக் கீழே போட்டார். கல் காய்ந்து, வெளிறிப்போய் நின்றது. தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டியது. சுடாத கல். பச்சைக் கல். பச்சைக் கல்லை என்ன செய்தால் தீரும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? மோட்டார்ப் பொத்தானைத் தேடிப் போட்டார். உச்சி வெயில், தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. குழாயைத் தூக்கி ஒரு ஓரத்திலிருந்து விட ஆரம்பித்தார்.

தோள் சரியும், இடுப்பு சரியும் என்று காத்திருந்தார். சரியவில்லை. குடித்தது. விட விடக் குடித்தது, நிறம் கறுத்தது, அவ்வளவுதான். வெளியே அப்படித்தான் தெரியும், உள்ளே களியாகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு, மறுபடி முதல் வரிசையிலிருந்து தொடங்கினார். வெயில் சாய்ந்து குழாய் மெலிந்து நிற்கும்வரை விட்டார். மறுநாளும் போனார். அன்று மேகம் வந்து வந்து போயிற்று. மேகம் மறைத்தால் மோட்டார் நின்றுவிடும். வாழ்நாள் முழுக்க மேகத்தைத் திட்டியவர், அன்றைக்கும் திட்டினார், தண்ணீர் வராமல் தடுக்கிறதே என்று. குடத்தில் மொண்டு மொண்டும் ஊற்றினார். ஊற்றும்போதெல்லாம் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு காரணம் இருந்ததாம். இது மாமியார் காலுக்கு. இது ஜன்னல் திரைக்கு. இது நான் வாசலில் நின்ற சாயங்காலத்துக்கு. புடவையின் கீழ்க்கரையெல்லாம் நனைந்து, சேறு அப்பி, அவர் தெருவில் திரும்பி வந்ததை நானும் பார்த்தேன். கிணறு சுத்தம் பண்ணினேன் என்றார். எந்தக் கிணறு என்று நான் கேட்கவில்லை. முகம் அப்படி இருந்தது.

சின்னவள் திரும்பும்வரை தினமும் போனார்.

பேத்தி பிறந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்து, சின்னவளும் சின்னவரும் வந்தார்கள். வழியிலேயே மகனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சாவியே வரவில்லையே சித்தி என்றிருக்கிறான். சின்னவளுக்கு உயிரே போன மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் அந்தக் கல்லுக்கு நெருப்பு கிடையாது. அதைக் கல்லாக்குவதே தண்ணீர்தான். அழுத்தி எடுத்த மறுநாளிலிருந்து நனைத்துக்கொண்டே இருந்தால் சுண்ணாம்பும் சாம்பலும் உள்ளே பிடித்து இறுகும். காயவிட்டால் பொரிந்து மாவாக உதிர்ந்துவிடும். அந்த வெயிலில், ஆள் இல்லாமல், எல்லாம் போயிருக்கும் என்று அவர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பட்டறைக்கு ஓடினார்கள். மகனும் வந்து சேர்ந்தான். நாள் நெருங்கிவிட்டதே என்று பார்க்க வந்த கொத்தனாரும் நின்றிருந்தார். கூட்டம் கூடினால் நான் மட்டும் வீட்டில் இருப்பேனா? நானும் போனேன்.

முற்றம் சேறாகக் கிடந்தது. கல்லெல்லாம் கறுத்து, சொட்டச் சொட்ட நின்றது. கொத்தனார் அடியிலிருந்து ஒன்றை உருவி, இடுப்பு உயரத்திலிருந்து கல்தரையில் போட்டார். உடையவில்லை. தலை உயரத்திலிருந்து போட்டார். தரையில்தான் ஒரு சில்லு பெயர்ந்தது.

"யாரு தண்ணி விட்டது? இந்த மாதிரி நனைச்ச கல்ல நான் பாத்ததே இல்ல. மூலைமுடுக்கெல்லாம் நனைஞ்சிருக்கு" என்றார்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சூளையம்மா கதவருகில் நின்றிருந்தார். சேதத்தைப் பார்க்க வந்தவர். துணியில் காய்ந்த சேறு. வேறு யாரையும் சொல்ல முடியாது.

"அக்கா, நீங்களா?" என்றாள் சின்னவள்.

சூளையம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது, தான் என்ன செய்துவிட்டோம் என்று. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தாராம். சின்னவளுக்கு உபகாரம் செய்தவள் என்ற பெயரை வாங்குவதைவிட, கெடுத்தவள் என்ற பெயர் மேல் என்று தோன்றியதாம். அப்போது மகன் முன்னால் வந்தான். சேறு படிந்த அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்காகவாம்மா?" என்று கேட்டான்.

வாசலில் நின்று குரல் கொடுத்துக் கூப்பிட்ட காலத்திலெல்லாம் அவன் ஒருநாளும் அந்த முகத்தோடு தன்னிடம் வந்ததில்லை என்று சூளையம்மா சொன்னார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி இல்லை என்பது?

"காஞ்சு கெடந்துச்சு. விட்டேன்" என்றார்.

நாள் தவறாமல் வேலை தொடங்கியது. சுவரெல்லாம் சாம்பல் கல்லில் எழும்பியது. மனையில் அடுக்கிய சூளைக் கல்லை வீணாக்க வேண்டாம் என்று மகன் அதில் சுற்றுச்சுவர் எழுப்பினான். தெருவிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது சுற்றுச்சுவர்தானே என்று சூளையம்மா போகிற வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். உள்ளே யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்றார்.

வயிற்றெரிச்சல் அதோடு தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அது கூடத்தான் செய்தது. தெருவில் எல்லோரும், பாருங்கள், ஓரகத்தி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று இவரைக் காட்டிப் பேசினார்கள். சின்னவள் போகிற இடத்திலெல்லாம் எங்கக்கா, எங்கக்கா என்றாள். ஒவ்வொரு தடவையும் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்ட வேண்டியிருந்தது. அந்தப் பாராட்டை வருஷக்கணக்கில் சுமந்தார்.

கடைசியில் ஒரு நாள் தாங்கவில்லை. சின்னவள் இரண்டாவது மெஷின் வாங்கியிருந்தாள். அதைப் பார்க்க எல்லோரும் போயிருந்தோம். வந்திருந்த யாரிடமோ அவள் மறுபடியும், எங்கக்கா மட்டும் அன்றைக்குத் தண்ணீர் விடாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தாள். வந்தவர்கள் போனதும் சூளையம்மா திரும்பினார். அங்கே அவர்கள் இருவரும் நானும்தான்.

"போதும்டி. நிறுத்து. நான் அன்னைக்கு அதைக் கெடுக்கத்தான் தண்ணி விட்டேன். கரைஞ்சு போகட்டும்னு விட்டேன்."

சின்னவள் கொஞ்சம்கூட அசையவில்லை. மெஷின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தாள்.

"தெரியும்க்கா. சாவியப் புள்ளகிட்ட குடுக்கலன்னதுமே தெரியும்."

"தெரிஞ்சுமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச?"

"வேற என்ன செய்ய? பாசமா விட்டிருந்தா பாதி தண்ணிதான் விட்டிருப்பீங்க."

சூளையம்மா முகவாயைத் தோளில் ஒரு இடி இடித்துக்கொண்டு வெளியே நடந்தார். வழியில் என்னிடம், அவள் சிரிப்பை மட்டும் தான் ஒருநாளும் பொறுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். சொல்லும்போது அவருக்கே வாய்க்கோடி துடித்தது. நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சூளையம்மா இப்போது மகன் வீட்டில் தெருப்பக்கத்து அறையில் இருக்கிறார். சூளையை ஆள் வைத்து நடத்துகிறார். தினமும் வெயில் சாயும் முன் பட்டறைக்குப் போய், கல்லுக்குத் தண்ணீர் போதவில்லை என்று சொல்லிவிட்டு வருகிறார்.